ஜெர்மனியில் இரயிலேறிய பன்னிரண்டு நாட்கள்

இப்பகுதியில் நாம் வழக்கமாக எழுதுவன இம்மும்பை மாநகரில் வாழும் நம்மவர்க்கு அன்றாடம் வேண்டிய செய்திகள்: ஊர் செல்ல இரயில் முன்பதிவு, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, தமிழ் வகுப்பு, வீட்டு வாடகை முதலியன. அயல்நாட்டுப் பிரயாணம் பற்றி எழுத வேறு பலர் உளர். ஆயினும் இம்முறை எழுதும் பிரயாணம் வெறும் ஊர் பார்த்த கதையன்று. பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் பெற்றோர் பலர் இன்றோ நாளையோ எதிர்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி இதில் இருப்பதால் எழுதத் துணிந்தோம்.

2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் நாங்கள் இருவரும், அதாவது நாமும் நம் இல்லத்து அம்மையாரும், ஜெர்மனி தேசத்தில் பன்னிரண்டு நாட்கள் இரயிலேறித் திரிந்து வந்தோம். எங்கள் மகள் பிராங்க்பர்ட் நகரில் மருந்து ஆய்வுக்கூடம் ஒன்றில் ஏழாண்டுகளாகப் பணிபுரிகிறாள். அவளைக் காண்பதும் ஊர் பார்ப்பதுமே காரணம் என்று அண்டை அயலாரிடம் கூறிச் சென்றோம். உள்ளபடியான காரணம் அம்மையாரின் கைப்பையில் இருந்த ஒரு காகித உறை.

மகள் ஜெர்மானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க எண்ணியிருந்தாள். 2024 சூன் 27 முதல் அந்நாட்டுச் சட்டம் மாறிவிட்டது. முன்பு எட்டாண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும் என்றிருந்தது ஐந்தாண்டுகளாகக் குறைந்தது. பழைய குடியுரிமையை விடவேண்டும் என்னும் நிபந்தனையும் நீங்கியது. ஆனால் அவர்கள் விடச் சொல்லாவிட்டாலும் நம் நாடு விடாது. நமது 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, ஒருவர் தாமாக வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற அக்கணமே இந்தியக் குடிமகன் என்னும் நிலை அற்றுப்போகிறது. பின்னர் ‘வெளிநாடுவாழ் இந்தியர்’ அட்டை ஒன்று பெறலாம். அதைக் கொண்டு வந்து போகலாம், தங்கலாம். வாக்களிக்க இயலாது, விளைநிலம் வாங்க இயலாது.

விண்ணப்பத்துக்கு மகளின் பிறப்புச் சான்றிதழ் வேண்டியிருந்தது. அதனை எடுத்து வரும்படி எழுதியிருந்தாள். அம்மையாருக்கோ இதில் விருப்பமில்லை. “நாம் 1984-இல் ஊரை விட்டோம், நாட்டையா விட்டோம்?” என்று கேட்டார். நாம் பட்டும் படாமலும் இருந்தோம். இறுதியில், “முதலில் அந்த நாட்டைக் கண்ணால் பார்க்கிறேன். உறையைக் கொடுப்பதா வேண்டாமா என்று பிறகு சொல்கிறேன்” என்றார். விமான நிலையத்தில் மகள் கேட்டபோது, சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை என்று ஒரு பொய்யும் எங்கள் வாயிலிருந்து வந்துவிட்டது. அதை இங்கே ஒப்புக்கொள்வது மேல்.

மகளுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. ஆகவே நாங்கள் இருவருமே புளியோதரையும் தயிருமாகப் புறப்பட்டோம்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்காகச் சில குறிப்புகள். அந்நாட்டு இரயில் நிலையங்களில் வாயிற்கதவும் இல்லை, நடைமேடைச் சீட்டும் இல்லை. யாரும் நேரே உள்ளே சென்று வண்டி ஏறலாம். சோதனையாளர் வண்டிக்குள்தான் வருவார். சீட்டு வேறு, இருக்கை வேறு. சீட்டு வாங்கியவர்க்கு இருக்கை உண்டு என்பது உறுதியில்லை. இருக்கையைத் தனியே பணம் கொடுத்துப் பதிவு செய்தல் வேண்டும். முதியோர் அந்தச் சில யூரோக்களைச் சேமிக்கப் பார்க்கலாகாது. விரைவு வண்டிகள் தவிர மற்ற உள்ளூர், வட்டார வண்டிகள் அனைத்திலும் நாடு முழுதும் செல்லத்தக்க மாதச் சீட்டு ஒன்றும் உண்டு. 2023 மே மாதத்தில் 49 யூரோவுக்குத் தொடங்கினர். நாங்கள் சென்றபோது 58. 2026 சனவரியில் 63 ஆயிற்று. மாதம் முடிந்ததும் அது தானே புதுப்பித்துக் கொள்ளும். வேண்டாமெனில் பத்தாம் தேதிக்குள் நிறுத்தச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. ஜெர்மானியர் வண்டி கடிகாரம் போல் வரும் என்று நம் பக்கத்தில் இன்னும் சொல்லி வருகிறோம். அது பழங்கதை. 2024-ஆம் ஆண்டில் நெடுந்தூர வண்டிகளுள் நேரத்துக்கு வந்தவை 62.5 விழுக்காடு என்று அந்நாட்டு இரயில்வேயே அறிவித்திருக்கிறது. அதிலும் ஆறு நிமிடத்துக்குட்பட்ட தாமதம் கணக்கில் சேராது. ஆனால் ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கும், இரண்டு மணி நேரமானால் பாதியும் திருப்பித் தருகிறார்கள். இதனை அறிந்ததும் அம்மையார் தாதர் நிலையத்தில் நாம் காத்திருந்த மணிகளை எல்லாம் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார்.

பிராங்க்பர்ட்டிலிருந்து கொலோன் நகருக்கு 2002-இல் அமைத்த புதுப்பாதை ஒன்று உண்டு. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கொண்டு சேர்த்துவிடும். நாங்கள் அதனை விட்டுவிட்டு, மைன்ஸ், கோப்ளென்ஸ் வழியாக ரைன் நதிக்கரையை ஒட்டிச் செல்லும் பழைய பாதையில் போனோம். அவ்வழி செல்வோர் வலப்பக்கச் சன்னலோரம் அமர்தல் வேண்டும். நதி அப்பக்கமே வருகிறது. பிங்கன் என்னும் ஊரைக் கடந்ததும் இருபுறமும் மலைகள் நெருங்கி வந்து நதியை இடுக்கிப் பிடிக்கின்றன. செங்குத்தான சரிவுகளில் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மலையுச்சி தோறும் ஒரு கோட்டை. கௌப் என்னும் ஊருக்கு நேரே ஆற்றின் நடுவிலேயே வெள்ளைச் சுவருடன் ஒரு சிறு கோட்டை கப்பல் போல் நிற்கிறது. அக்காலத்தில் போகும் படகுகளை நிறுத்திச் சுங்கம் வாங்குவதற்கென்றே அதைக் கட்டினார்களாம். “சுங்கச்சாவடிக்கு இவ்வளவு அழகா!” என்றார் அம்மையார். சற்று அப்பால் லோரெலை என்னும் பெரும்பாறை. அதன் மேல் ஒரு மங்கை அமர்ந்து பாடிப் படகோட்டிகளை மயக்கினாள் என்பது கதை. நாங்கள் பார்த்தபோது பாறையின் அடியில் சரக்கு வண்டி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு மணி நேரம் உறையின் நினைவு எங்கள் இருவருக்கும் வரவில்லை.

கொலோனில் நிலையத்தை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் எதிரே பேராலயம். நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. 157 மீட்டர் உயரம். 1248-இல் அடிக்கல் நாட்டினர், 1880-இல் முடித்தனர். இடையில் சுமார் முந்நூறு ஆண்டுகள் வேலை நின்று போயிற்று. பாதி எழுந்த கோபுரத்தின் மேல் மரத்தாலான பாரந்தூக்கி மட்டும் தலைமுறை தலைமுறையாக நின்றுகொண்டிருந்ததாம். தென்கோபுரத்துக்கு 533 படிகள். அம்மையாரின் முழங்கால் அதற்கு இடங்கொடாது. ஆலயத்தினுள் வண்ணக் கண்ணாடி வழி வந்த வெயில் கல்தரையில் சிந்திக்கிடந்ததைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தோம்.

அன்று மாலை தங்குமிடத்துக்கு நடந்து வரும்போதுதான் அச்சிறு பித்தளைத் தகடுகளை முதலில் கண்டோம். ஒரு சாதாரண வீட்டு வாயிலின் முன், நடைபாதைக் கற்களுக்கிடையே, உள்ளங்கை அளவில் நான்கு தகடுகள் பதித்திருந்தன. நம் வீட்டுப் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போல் எழுத்து. யூதர் என்பதாலோ, நாத்சி ஆட்சிக்கு வேண்டாதவர் என்பதாலோ கொண்டுபோய்க் கொல்லப்பட்டவர் ஒவ்வொருவருக்கும், அவர் தம் விருப்பப்படி கடைசியாக வாழ்ந்த வீட்டின் முன் ஒவ்வொரு கல். குந்தர் டெம்னிக் என்னும் கலைஞர் தொடங்கிய வேலை இது. முதற்கல்லை 1992-இல் இதே கொலோனில் பதித்தார். 2023-க்குள் ஐரோப்பா முழுதும் இக்கற்கள் ஓர் இலட்சத்தைத் தாண்டிவிட்டன. ‘இங்கே வாழ்ந்தவர்’ என்று தொடங்கிப் பெயர், பிறந்த ஆண்டு, கொண்டு செல்லப்பட்ட இடம், முடிவு, அவ்வளவே வாசகம்.

அம்மையார் வலிக்கும் முழங்காலை மடக்கிக் குனிந்து அவற்றைக் கைப்பேசியின் துணைகொண்டு படித்தார். தாய், தந்தை, இரு பிள்ளைகள். சிறியவளுக்கு ஆறு வயது. அம்மையார் சேலைத் தலைப்பால் அந்தத் தகட்டைத் துடைத்தார். வழிப்போக்கர் ஒருவர் நின்று, தலையை மெல்லத் தாழ்த்திவிட்டுச் சென்றார். அதன் பிறகு எந்த நகரில் நடந்தாலும் எங்கள் கண் தரையிலேயே இருந்தது.

கொலோனிலிருந்து பெர்லின் செல்லும் நான்கரை மணி நேரப் பிரயாணத்தில் சொல்லத்தக்கது அதிகமில்லை. சமவெளி, காற்றாலைகள், மறுபடியும் சமவெளி. பெர்லின் மத்திய நிலையமோ ஒரு வேடிக்கை. 2006-இல் திறந்தது. மேல்மாடியில் ஒரு திசை வண்டிகள், பூமிக்கடியில் மற்றொரு திசை வண்டிகள், நடுவே கடைத்தெரு. பிராண்டன்பர்க் வாயில், பாராளுமன்றத்தின் கண்ணாடிக் கூண்டு, இடித்த மதிலின் எச்சங்கள் யாவும் பார்த்தோம். அவற்றைப் பற்றிப் பலரும் எழுதியாயிற்று.

ஆனால் பிரீட்ரிக் தெரு நிலையத்தை ஒட்டியுள்ள கண்ணாடி மண்டபத்தைச் சொல்லாமல் விட இயலாது. ‘கண்ணீர் மாளிகை’ என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். நாடு இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில், கிழக்கிலிருந்து மேற்கே திரும்பிச் செல்லும் விருந்தினர் அவ்வழியே போகவேண்டும். வழியனுப்ப வந்த உறவினர் வாயிலோடு நின்றுவிட வேண்டும். இன்று அது காட்சிச்சாலை. கடவுச்சீட்டுச் சோதித்த குறுகிய மரக்கூண்டு ஒன்று இன்னும் உள்ளது. 1964 முதல் கிழக்கு ஜெர்மானிய அரசு ஓய்வூதியம் பெறும் முதியோரை மட்டும் மேற்கே சென்றுவர அனுமதித்தது என்று அங்கே அறிந்தோம். “கிழவர்கள் திரும்பாவிட்டால் ஓய்வூதியம் மிச்சம் என்று எண்ணியிருப்பார்கள்” என்றார் அம்மையார். நாமும் ஓய்வூதியம் பெறுவோர் ஆகையால் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை புறநகர் வண்டியேறி குரூனவால்ட் நிலையத்தில் இறங்கினோம். மரங்கள் சூழ்ந்த, செல்வர் வாழும் அமைதியான பகுதி. சுரங்க வழியில் சென்று படியேறினால் பதினேழாம் தண்டவாளம். 1941 அக்டோபர் 18 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெர்லின் யூதர்களை ஏற்றிக்கொண்டு முதல் வண்டி இந்நகரிலிருந்து லோட்ஸ் நகருக்குப் புறப்பட்டது. 1998-இல் அந்நாட்டு இரயில்வே நிறுவனம் இங்கே நினைவிடம் அமைத்தது. சிலையில்லை, தூணில்லை. தண்டவாளத்தின் இருபுறமும் நடைமேடை விளிம்பு நெடுக 186 இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் தேதி, எத்தனை பேர், எங்கிருந்து எங்கே. ஓர் இரயில்வே கால அட்டவணை எவ்விதம் இருக்குமோ அவ்விதமே இருக்கிறது. தொடக்கத்தில் ஆயிரம், ஆயிரம் என்று வருகிறது. பிறகு நூறு, ஐம்பது. கடைசித் தகடு 1945 மார்ச் 27, பதினெட்டே பேர். போர் முடிய ஆறு வாரங்களே இருந்த நேரத்தில் பதினெட்டுப் பேருக்காக ஒரு வண்டியை ஒழுங்கு செய்திருக்கிறார்கள்.

தண்டவாளங்களுக்கிடையே மரங்கள் முளைத்து வளர்ந்திருக்கின்றன. அவற்றை வெட்டாமல் வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். இனி இங்கிருந்து வண்டி புறப்படாது என்பதற்கு அதுவே அடையாளம்.

இரயில் என்பது நம்மவர்க்கு என்ன என்று இதழைப் படிக்கும் குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தகரப்பெட்டியும் ஒரு படுக்கைச் சுருட்டுமாகச் சென்னையில் ஏறித் தாதரில் இறங்கியவர்கள் நாம். பிழைப்பைத் தந்ததும் ஆண்டுக்கொருமுறை ஊரைத் திருப்பித் தந்ததும் இரயில்தான். அந்த இரயில், மனிதரை இப்படிக் கொண்டுபோகவும் பயன்பட்டது என்பதை நூல்களில் படித்திருந்தோம். நடைமேடையில் நின்று அறிவது வேறு. அக்கால இரயில்வே இப்பயணங்களுக்கு ஆள் கணக்கில் மூன்றாம் வகுப்புக் கட்டணம் வசூலித்தது. நானூறு பேருக்கு மேலிருந்தால் கூட்டச் சலுகை. பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாதி. நான்கு வயதுக்குட்பட்டோர்க்கு இலவசம். நாமும் பிள்ளைகளுக்குப் பாதிச் சீட்டு வாங்கியவர்கள்தாம்.

அங்கிருந்த பலகையின் மேலமர்ந்து நெடுநேரம் பேசாதிருந்தோம். பின்னர் அம்மையார், “இவர்கள் எல்லாரும் இந்நாட்டுக் குடிகள்தானே?” என்று கேட்டார். ஆம் என்றோம். “அப்படியானால் குடியுரிமைக் காகிதம் இருந்து என்ன பயன்?” நம்மிடம் விடையில்லை. பிறகு படித்தறிந்தது இது: 1935 செப்டம்பரில் நூரம்பர்க் நகரில் இயற்றிய சட்டம் யூதர்களின் குடிமை உரிமைகளைப் பறித்தது. 1941 நவம்பர் 25 அன்று வந்த ஆணை, எல்லைக்கு வெளியே வாழும் யூதர் எவரும் தாமே குடியுரிமை இழந்தவர் என்றும், அவர் சொத்து அரசுக்குச் சேரும் என்றும் கூறியது. எல்லைக்கு வெளியே கொண்டு சென்றவர்களும் அவர்களே. வெளியே சென்றதற்காகப் பறித்தவர்களும் அவர்களே.

அன்றிரவு அம்மையார் உறையை எடுத்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். கேட்கும் துணிவு நமக்கில்லை.

பெர்லினிலிருந்து ஹாலே நகருக்குச் சென்றது நம் விருப்பத்தினால். சீகன்பால்கு ஐயரை நம்மவர் அறிவர். 1682-இல் சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்து, ஹாலேயில் கற்று, 1706-இல் தரங்கம்பாடி வந்து, 1719-இல் அங்கேயே மறைந்தவர். அவருக்கு ஆதரவாக இருந்த பிராங்கே என்பார் நிறுவிய அநாதை இல்லமும் பள்ளிகளும் ஒரு தனி ஊர் போல இன்றும் ஹாலேயில் நிற்கின்றன. அங்குள்ள ஆவணக் களஞ்சியத்தில் தமிழ் ஓலைச் சுவடிகள் முந்நூறு ஆண்டுகளாகப் பாதுகாப்பாக இருக்கின்றன. தமிழ் அச்செழுத்துகளை இவ்வூரில் வார்த்தே தரங்கம்பாடிக்கு அனுப்பினர். அவை மிகப் பெரியனவாய் இருந்தமையால் தரங்கம்பாடியில் சிறிய எழுத்துகள் வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலேயில் அச்சாயிற்று. அநாதை இல்லத்தின் மேல்தளத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பொருட்காட்சி அறை ஒன்று அப்படியே இருக்கிறது. விட்டத்திலிருந்து ஒரு முதலை தொங்குகிறது.

நம் மனத்தில் நின்றது வேறொரு செய்தி. 1714-இல் சீகன்பால்கு ஐரோப்பா திரும்பியபோது மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரையும் உடன் அழைத்து வந்தார். தமிழ் பேச்சு மறந்து போகலாகாது என்பதும் ஒரு காரணமாம். மலையப்பன் ஹாலேயில் தங்கி, 1716-இல் தரங்கம்பாடி திரும்பினார். பனிக்காலத்தில் இக்கற்றெருக்களில் தமிழ் பேச ஒரே ஒரு ஆள் துணையுடன் அவர் எவ்விதம் நாட்களைக் கழித்திருப்பார் என்று எண்ணிக்கொண்டே நடந்தோம். அம்மையார் உடனே கேட்டது, “என்ன சாப்பிட்டிருப்பார்?” என்பதே. நாங்கள் அன்று சாப்பிட்டது வெள்ளைத் தண்ணீர்விட்டான் வகைத் தண்டு. மே மாதத்தில் அந்நாடே அதைக் கொண்டாடுகிறது. உருளைக்கிழங்குடன் வேகவைத்து வெண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். உப்பும் மிளகும் கேட்டு வாங்கிக்கொண்டால் நன்றாகவே இருக்கிறது.

ஹாலேயிலிருந்து நூரம்பர்க். ஜெர்மனியின் முதல் இரயில் 1835 டிசம்பர் 7 அன்று இங்கிருந்து பியூர்த் என்னும் ஊருக்கு ஆறு கிலோமீட்டர் தூரம் ஓடிற்று. இயந்திரமும் இங்கிலாந்திலிருந்து வந்தது, ஓட்டுநரும் அங்கிருந்தே வந்தார். வில்லியம் வில்சன் என்னும் அவ்வோட்டுநர் சில மாத ஒப்பந்தத்தில் வந்தவர்; திரும்பவேயில்லை. 1862-இல் இறந்து இவ்வூரிலேயே அடக்கமானார். இரயில்வே காட்சிச்சாலையில் இதனைப் படித்ததும் அம்மையார் நம்மைப் பார்த்தார். இரண்டாண்டு இருந்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று கூறித்தான் 1984-இல் அவரை அழைத்து வந்திருந்தோம்.

அங்கிருந்து அரைநாளில் ஒரு சிற்றூர் பார்த்து வரலாம் என்று வட்டார வண்டி ஏறியதில் எங்கள் அறியாமையால் ஒரு தொல்லை நேர்ந்தது. அந்நாட்டு வண்டிகள் சில நடுவழியில் இரண்டாகப் பிரிந்து, முன்பாகம் ஓர் ஊருக்கும் பின்பாகம் வேறோர் ஊருக்கும் செல்கின்றன. பெட்டியின் வெளிப்புறத்தில் ஊர்ப்பெயரைப் பார்த்து ஏறியிருத்தல் வேண்டும். ஓடிவந்து ஏறிய நாங்கள் பார்க்கவில்லை. ஜெர்மன் மொழியில் அறிவித்ததும் புரியவில்லை. வயல் நடுவே, சிப்பந்தி ஒருவரும் இல்லாத ஒரு நிலையத்தில் இறங்கி நின்றோம். அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

நிழற்குடையின் கீழ் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். வயது எண்பத்துநான்கு, பள்ளி ஆசிரியையாக இருந்தவர், மெல்ல மெல்ல ஆங்கிலம் பேசினார். எங்கள் நிலையைக் கேட்டுச் சிரித்து, இடம் ஒதுக்கித் தந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். மும்பை என்றோம். அம்மையார் இடைமறித்து, “பிறந்தது திருநெல்வேலிப் பக்கம்” என்று திருத்தினார். மூதாட்டி அதனை நம் வாயிலாகக் கேட்டறிந்து, “நானும் இவ்வூரில் பிறந்தவளல்லள்” என்றார்.

அவர் பிறந்தது சைலீசியா. இன்று அது போலந்து நாட்டில் உள்ளது. போருக்குப்பின் கிழக்கு எல்லை மாறியபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் வீடிழந்து மேற்கே வந்தனர். இவர் 1946-இல், ஐந்து வயதில், தாயுடன் சரக்கு வண்டியில் வந்திறங்கினார். மொழி ஒன்றே, ஆயினும் பேச்சு வேறு, சமையல் வேறு, சமயப் பிரிவு வேறு. பள்ளியில் ‘அகதிப் பெண்’ என்றே பல்லாண்டுகள் அழைத்தார்களாம். தாயார் பெட்டியைப் பிரிக்காமலே நெடுங்காலம் கட்டிலின் கீழ் வைத்திருந்தாராம்.

அம்மையார் நம் தோளைத் தொட்டு, “எப்போது இது இவருடைய ஊர் ஆயிற்று என்று கேளுங்கள்” என்றார். கேட்டோம். மூதாட்டி சற்று யோசித்தார். “அம்மாவை இங்கே அடக்கம் செய்தோமே, அப்போது. இல்லை, அதற்கும் முன்னால். என் மகள் என் பேச்சைக் கேலி செய்து, இவ்வூர்ப் பேச்சில் திருத்தினாளே, அன்றுதான் என்று நினைக்கிறேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். நாங்கள் புளியோதரைப் பொட்டலம் கடைசியாக ஒன்று வைத்திருந்தோம். காரம் என்று எச்சரித்தும் பாதி வாங்கி உண்டார். அவருடைய வண்டி முதலில் வந்தது, கையசைத்துச் சென்றார். பெயர் கேட்க மறந்துவிட்டோம்.

எங்கள் மகள் நம் தமிழைத் திருத்துவதில்லை. பம்பாய்ப் பேச்சு கலந்த தன் தமிழை நாங்கள் திருத்தியதுண்டு. அவள் இந்தி பேசும் வேகத்தில் நாங்கள் இன்றும் பேச இயலாது. இதனைக் குறித்து அம்மையாரும் நாமும் திரும்பி வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம். உறையைப் பற்றி மட்டும் பேசவில்லை.

நூரம்பர்க்கிலிருந்து பிராங்க்பர்ட் திரும்பும் பாதையில், ஊர் சேரச் சற்று முன்பு ஹானௌ என்னும் நிலையம் வருகிறது. 2020 பிப்ரவரி 19 இரவு, இனவெறி கொண்ட ஒருவன் அவ்வூரில் ஒன்பது பேரைச் சுட்டுக்கொன்றான். ஒன்பது பேரும் வெளியிலிருந்து வந்தோர், அல்லது வந்தோரின் பிள்ளைகள். அவர்களுட் சிலர் அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வண்டி அங்கே சிறிது நேரம் நின்றது. பள்ளிப் பிள்ளைகள் ஒரு கூட்டமாக ஏறினர், எல்லா நிறத்துப் பிள்ளைகளும் இருந்தனர், ஒரே இரைச்சல். ஒருத்தி எழுந்து அம்மையாருக்கு இடங்கொடுத்தாள்.

நிலையத்துக்கு வந்திருந்த மகள் எங்களை ஆற்றங்கரை வழியே நடத்திச் சென்றாள். ‘அமைதிப் பாலம்’ என்னும் பாலத்தின் அடியில் அவ்வொன்பது முகங்களையும் பெரிதாகத் தீட்டியிருக்கிறார்கள். “இந்த வழியாகத்தான் சில நாள் நடந்து வருவேன்” என்றாள். பயமில்லையா என்று அம்மையார் கேட்டார். “சில நாள் உண்டு, அம்மா” என்றாள். சற்றுப் பொறுத்து, “வாக்குரிமை இல்லாமல் பயப்படுவதைவிட, வாக்குரிமையோடு பயப்படலாம் என்று தோன்றுகிறது” என்றும் சொன்னாள். அம்மையார் அம்முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். மே மாதமாதலால் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது.

வீடு சேர்ந்து, மகள் இரசம் வைக்கத் தொடங்கியதும் அம்மையார் பெட்டியைத் திறந்து துணிகளை எல்லாம் வெளியே எடுத்தார். அடியிலிருந்த உறையைக் கொண்டுவந்து அடுப்பங்கரை மேசைமேல் வைத்தார். “பெட்டியிலேயே இருந்திருக்கிறது” என்றார். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வெளியே எடுத்து விளக்கருகே பிடித்தாள்.

“அப்பா, இதில் பிறந்த இடம் பம்பாய் என்றிருக்கிறது. கடவுச்சீட்டில் மும்பை என்றிருக்கிறதே. இரண்டும் ஒரே ஊர் என்று இவர்களுக்கு யார் சொல்வது?”

அவள் பிறந்தது 1992-இல். ஊர்ப் பெயர் மாறியது 1995-இல். அதனை விளக்கி ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றோம். தாளும் பேனாவும் எடுத்து, ‘ஐயா, கீழ்க்கண்ட விவரங்களைத் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று தொடங்கி நாலு வரி எழுதுவதற்குள், இரசம் ஆறுகிறது, எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மையார் தட்டு வைத்துவிட்டார்.